மூன்று கை கட்டிய பூச்சி

திருகோணமலை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, அங்கே மாடு மாதிரித் திரிகிற மானின் முதுகில் நாலு முடி பிடுங்கினால் யாராவது பார்ப்பார்களா என்று யோசித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். மான் என்னைக் கவனிக்கவேயில்லை. அது வாழைப்பழத் தோலை மென்றுகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற சிங்களக் குடும்பத்தில் ஒரு சின்னப் பெண் தாயிடம், "இந்த மாமா ஏன் மானுக்கு இவ்வளவு கிட்டப் போறார்?" என்று தங்கள் பாஷையில் கேட்டாள். தாய் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நானும் கையை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மான் முடிக்கு அப்படி என்ன தேவை என்று கேட்பீர்கள். நான் இருப்பது நோர்வேயின் வடக்கே. அங்கே மலைக்கு மேலே ஏரிகள். ஏரிகளில் ட்ரவுட் என்றொரு மீன். அதற்குப் புழுவைக் குத்திப் போடுகிறவனைக் கொஞ்சம் கீழாகத்தான் பார்ப்பார்கள். இறகு, முடி, நூல் எல்லாவற்றையும் சின்னத் தூண்டில் முள்ளில் சுற்றிக் கட்டி, பூச்சி மாதிரி ஒன்றைச் செய்து தண்ணீருக்கு மேல் விட வேண்டும். மீன் ஏமாந்து கவ்வும். மான் முடி உள்ளே வெறும் குழல் என்பதால் நன்றாக மிதக்கும். அங்கே நான் பல வருஷம் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவன். வேலை முடிந்தால் மீனின் முகத்தில் விழிக்காமல் வீட்டுக்குப் போகிறவன்தான் புத்திசாலி. நான் தூண்டிலை எடுத்துக்கொண்டு மலை ஏறுவேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்கு வேறு புத்தி வராது.

இந்த முறை ஊருக்கு வந்ததும் அதற்காகத்தான். நுவரெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக் குளத்தில் வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் இன்னும் இருக்கிறது. நானும் என் கூட்டாளி நிஸ்தாரும் மீசை முளைக்கிற வயதில் அங்கே போவதாக இருந்தோம். அப்போது யுத்தம், ரோட்டெல்லாம் பூட்டு. ரோட்டுத் திறந்தபோது நான் நாட்டில் இல்லை. போன மாதம் நிஸ்தார் போனில், "மச்சான், வாறதெண்டா இப்ப வா. மலைக்குப் போவம்" என்றான். நான் இரண்டு தூண்டில் தடியும், ஒரு பெட்டி நிறையக் கடைப் பூச்சியும் வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிட்டேன்.

லிங்கநகரில் அக்கா வீட்டில் இறங்கினேன். அக்கா பெட்டியைத் திறந்து பார்த்தா. ஒரு சேலையாவது இருக்கும் என்று தேடியிருப்பா போல. "நோர்வேயில மீன் முடிஞ்சு போச்சோ, இங்க வந்தனி?" என்று கேட்டுவிட்டு, பாணும் பருப்பும் மாசிச் சம்பலும் கொண்டுவந்து வைத்தா. அந்தச் சம்பலைச் சாப்பிட்ட பிறகு எனக்கு நோர்வே என்ற நாடே கொஞ்ச நேரம் ஞாபகம் வரவில்லை.

மறுநாள் கிண்ணியாவுக்கு பஸ் எடுத்தேன். பாதி வழியில் பஸ் நின்றது. சாரதி இறங்கிப் போய் ரோட்டோரத்தில் குவித்திருந்த வத்தகப்பழங்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார். நோர்வேயில் பஸ் ஒரு நிமிஷம் பிந்தினால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே பயணிகள் எல்லோரும் இறங்கி, சாரதிக்குப் பழம் தெரிவு செய்து கொடுத்தார்கள். நானும் ஒன்றைத் தட்டிப் பார்த்து, "இது நல்லம்" என்றேன். எனக்கு வத்தகப்பழத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் அதைத்தான் வாங்கினார்.

முன்பு கிண்ணியாவுக்குப் போவதென்றால் பாதையில் ஏற வேண்டும். பஸ்ஸும் ஆடும் சைக்கிளும் மனிதரும் ஒன்றாக ஏறி மிதக்கிற அந்தத் தட்டையான இரும்பைத்தான் பாதை என்போம். நானும் நிஸ்தாரும் அதன் ஓரத்தில் குந்தியிருந்து தூண்டில் விட்டபடியே அக்கரைக்குப் போவோம். மீன் அகப்பட்டால் அக்கரையில் இறங்காமல் திரும்பவும் வருவோம். இப்போது பாலம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கடலைப் பார்ப்பதற்குள் கிண்ணியா வந்துவிட்டது. பாலம் நல்லதுதான். ஆனாலும் எனக்குக் கவலையாக இருந்தது.

நிஸ்தார் வாசலில் கதிரையில் இருந்தான். சிரித்தான், ஆனால் எழும்பவில்லை. நான் கையை நீட்டினேன். அவன் கை வரவில்லை. வலக்கை மடியில் ஒரு பொருள் மாதிரிக் கிடந்தது. இடக்கையைத் தருவதற்கு அவனுக்கு மனமில்லை. நான் குனிந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"பாரிசவாதம்டா. போன நோன்புக்கு முன்னம். கால் திரும்பிற்று. கைதான் வரமாட்டன் எண்டுது" என்றான்.

வீடியோவில் கதைக்கும்போதெல்லாம் இவன் முகத்தை மட்டும் பெரிதாகக் காட்டியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. "ஏன்டா எனக்குச் சொல்லேல்ல?" என்று கத்தினேன்.

"சொன்னா நீ மருந்துக் குளிசையின்ட பேரெல்லாம் கேட்டுக் கதைப்பாய். எனக்கு மீன் கதை வேணும்."

அவன் மனைவி ரசீனா சேவல் கறியும் இடியப்பமும் வைத்தாள். விருந்தாளிக்கென்று வீட்டுச் சேவலையே அறுத்திருந்தார்கள். கறி காரமாக, தேங்காய்ப்பால் தூக்கலாக இருந்தது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்ட பிறகு என் பூச்சிப் பெட்டியைத் திறந்து பெருமையாக அவன் முன்னால் வைத்தேன். கறுப்பு, வெள்ளை, பச்சை, தங்க நூல் சுற்றியது, மான் முடி வைத்தது என்று வரிசை வரிசையாக இருந்தன.

"ஒரு மீனுக்கு இவ்வளவு சீர்வரிசையா? கடல்ல கும்பளா மீனுக்கு ஒரு வெள்ளை இறகு காணுமே" என்றான் நிஸ்தார்.

"இது மலை மீன். தண்ணியப் பாக்கோணும், மேகத்தப் பாக்கோணும், எந்தப் பூச்சி பறக்குதெண்டு பாக்கோணும். அதுக்குப் பிறகுதான் தெரிவு. மப்பெண்டா கறுப்பு. பின்னேரமெண்டா வெள்ளை."

"நல்லம். யார் கட்டினது?"

"கடையில வாங்கினது."

"நீ கட்டேல்லையா?"

"ஆரோ ஒருத்தன் கையாலதான் கட்டியிருப்பான்."

"அப்ப அவனக் கூட்டிற்றுப் போ" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினான்.

அவனுடைய வாப்பாவின் தோணியில் ஒரு சட்டம் இருந்தது. தன் தூண்டிலைத் தானே கட்டாதவன் தோணியில் ஏறக் கூடாது. வெள்ளைச் சேவல் இறகைத் தூண்டிலில் கட்டி, ஐந்தாறைக் கோத்து ஒரே கயிறாக இறக்குவதுதான் எங்கள் மீன்பிடி. கட்டாமல் வந்தவனைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி போய்விடும். அதில் சொந்தக்காரன், கூட்டாளி என்ற பேதமில்லை. அந்தச் சட்டத்தை நான் எப்போதோ மறந்துவிட்டேன். இவன் மறக்கவில்லை.

"எனக்குக் கட்ட ஏலாது. அதால நான் வரேல்ல. நீ போய்ற்று வா" என்றான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிய மலைக்குப் போக வான் வண்டி வருவதாக ஏற்பாடு. எனக்குக் கோபம் வந்தது. இதைச் சொல்லவா என்னை அவ்வளவு தூரத்திலிருந்து கூப்பிட்டான்?

தேத்தண்ணிக் கோப்பையைக் கொடுக்கக் குசினிக்குப் போனேன். ரசீனா மெல்லிய குரலில் சொன்னாள்: "அண்ணன், வருத்தம் வந்த நாள்ல இருந்து இவர் கடல் பக்கம் போனதேயில்ல. வாசல்ல கதிரையப் போட்டாலும் கடலுக்கு முதுகக் காட்டித்தான் இருப்பார். நீங்க வாறீங்க எண்டுதான் தாடியையே ஒதுக்கினார். இந்த முறை போகாட்டி இனி எங்கயும் போகமாட்டார். எப்பிடியாச்சும் கூட்டிற்றுப் போங்க."

திரும்பி வந்து பார்த்தேன். உண்மைதான். கதிரை ரோட்டைப் பார்த்துக் கிடந்தது. பின்னால் கொட்டியாரக்குடா அவ்வளவு பெரிதாக விரிந்து கிடந்தது. தண்ணீரைக் கண்டால் சோறு மறக்கிறவன், சைக்கிள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் போய், "சரி, நானே கட்டுறன். நீ சும்மா பாத்துக்கொண்டிரு" என்று தொடங்கினேன். ரசீனாவின் தையல் பெட்டியில் கறுப்பு நூல் எடுத்தேன். பின்வளவில் மேய்ந்த கறுப்பாட்டின் முடியில் கொஞ்சம் கத்தரித்துக்கொண்டேன். மானிடத்தில் போல இங்கே பார்க்க ஆள் யாரும் இல்லை. இறகுக்கு முற்றத்துக் கோழியிடம் போனேன்.

பார்த்துக்கொண்டிரு என்றால் அவனால் முடியுமா? "அது பேட்டுக் கோழிட இறகுடா. மெத்துமெத்தெண்டு இருக்கும், தண்ணியக் குடிக்கும்" என்றான். நான் கேட்கவில்லை. கட்டி முடித்ததைத் தண்ணீர்ச் சட்டியில் விட்டேன். கல்லைப் போட்டது போல அடிக்குப் போனது.

"சேவல்ட கழுத்து இறகு வேணும். விறைப்பா நிக்கும்."

"உங்கட சேவல் எங்க?"

"அது நேத்து உங்கட வயித்துக்குள்ள போயிற்று அண்ணன்" என்றாள் ரசீனா. இறகெல்லாம் குப்பையோடு போய்விட்டதாம். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டது நினைவுக்கு வந்தது.

கட்டைபறிச்சானில் என் சித்தியின் மகள் புவனா சேவல் வளர்க்கிறாள். முச்சக்கர வண்டி பிடித்தேன். "எனக்கு எந்த இறகு நல்லதெண்டு தெரியாது" என்று நிஸ்தாரின் காதுபட இரண்டு முறை சொன்னேன். அவன் முணுமுணுத்துக்கொண்டு வந்து ஏறினான். மூதூர் தாண்டியதும் வண்டி இருமி நின்றது. சாரதி எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அதனோடு ஏதோ சமாதானம் பேசினார். நிஸ்தார் வண்டிக்குள் இருந்தபடியே, "பிளக்கைக் கழட்டித் துடை தம்பி" என்றான். துடைத்ததும் ஓடியது. அதன் பிறகு அவன் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

புவனாவின் சேவல் செக்கச்செவேல் என்று, மாப்பிள்ளை மாதிரி நடந்து திரிந்தது. கழுத்து இறகு வெயிலில் செம்பு போல மின்னியது. இரண்டே இரண்டு இறகு போதும் என்றேன். புவனா பதறிப்போனாள்.

"ஐயோ அண்ணா, அது அம்மாளாச்சிக்கு நேந்து விட்டது. அதில கை வைக்க ஏலாது."

"ரெண்டு இறகுதானே?"

"பிடுங்கக் கூடாது. விழுந்தா எடுக்கலாம்."

விழுந்தால்! வேப்பமரத்துக்குக் கீழே கதிரை போட்டு, இரண்டு வயசான ஆம்பிளையள் ஒரு சேவலின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். புவனா புட்டும் கணவாய்க் கறியும் தந்தாள். சேவல் எங்கள் முன்னாலேயே உலாத்தியது. இறகு ஒன்றும் விழவில்லை. "அம்மாளாச்சிட சேவல். சோனகனுக்கு இறகு தருமா எண்டு யோசிக்குது" என்றான் நிஸ்தார். "மீனுக்குத்தான் எண்டு நீ சொல்லு" என்றாள் புவனா. அவளுக்கும் அவனைச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

அப்போதுதான் பக்கத்து வளவுச் சேவல் வேலியால் பாய்ந்து வந்தது. இரண்டும் நெஞ்சோடு நெஞ்சு மோதின. புழுதி பறந்தது. புவனா ஈர்க்குக் கட்டோடு ஓடினாள். வந்த சேவல் வந்த வழியே போக, முற்றத்தில் நாலைந்து செம்பு இறகு கிடந்தது. நிஸ்தார் சிரிக்கத் தொடங்கினான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். பிறகு கதிரையை விட்டு எழும்பிப் போய், குனிந்து, இடக்கையால் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினான். "இது சரி. இது சரியில்ல" என்று தெரிவு செய்தான்.

வியாழக்கிழமை மேசையில் எல்லாம் பரப்பினோம். தூண்டிலைக் குறடால் பிடித்துக்கொண்டேன். என் இரண்டு கையும் நல்ல கைகள்தான், ஆனால் விரல் எல்லாம் மறந்துபோயிருந்தது. நூல் அறுந்தது. ஆட்டு முடி உதிர்ந்தது. இன்னொரு தூண்டிலை எடுத்து, ஒரு பழக்கத்தில் நிஸ்தாரிடம் நீட்டினேன். அவன் சட்டென்று கையை இழுத்தான்.

"பலகையில வைடா!"

உப்பு, மிளகாய், ஊசி எல்லாம் கையிலிருந்து கைக்குக் கொடுக்கக் கூடாது, சண்டை வரும் என்பார்கள் அல்லவா? எங்கள் தோணியில் தூண்டிலும் அந்தக் கணக்குத்தான். ஒருவன் பலகையில் வைப்பான், மற்றவன் எடுப்பான். நாங்கள் இரண்டு பேரும் இத்தனை காலத்தில் ஒரு நாளும் சண்டை பிடித்ததில்லை. எல்லாம் பலகையின் புண்ணியம் என்பான் நிஸ்தார்.

பலகையில் வைத்தேன். அவன் அதை எடுத்துப் பார்த்தான். பிறகு பொறுமை கெட்டு, "உனக்கு ஏலாது. குறட்டைப் பிடி, ஆட்டாத" என்று நூலை வாங்கிக்கொண்டான். இடக்கையால் சுற்றினான். நூலை இறுக்கிப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். என் விரல் போனது. முடியை வைத்து உருட்டினான். இறகின் நுனியை நான் பிடிக்க, அவன் தூண்டிலைச் சுற்றிச் சுற்றி விட்டான். செம்பு முடிகள் எல்லாப் பக்கமும் விறைத்து நின்றன. கடைசி முடிச்சைப் பல்லால் இழுத்தான். ஒரு துளி சுப்பர் குளூ வைத்தோம்.

கரப்பான் குட்டிக்குத் தாடி முளைத்த மாதிரி இருந்தது அது. சட்டித் தண்ணீரில் விட்டேன். நாலு பக்கமும் காலை ஊன்றிக்கொண்டு மிதந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் கவனித்தேன். கடலுக்குக் கட்டுகிற மாதிரியே, மீன்பிடிக்கிற நூலையும் தூண்டிலையும் சேர்த்து நிரந்தரமாகக் கட்டிவிட்டான். என் கடைப் பூச்சிகள் எல்லாம் துளையில் கோத்து, வேண்டாமென்றால் மாற்றுகிற வகை. "இனி இத மாத்த ஏலாதுடா. அங்க மப்பில்லாட்டி என்ன செய்யிற?" என்று கேட்டேன்.

"நூல்ல கட்டாத தூண்டில் வெறும் ஆணி. தெரிவு எல்லாம் கரையில. தண்ணிக்குப் போனா உள்ளத வச்சுப் பிடிக்கோணும்" என்றான். பிறகு முகம் மாறியது. "ஆனா இது நான் கட்டினதில்லையே. பாதி நீ."

குசினி வாசலில் நின்ற ரசீனா கேட்டாள்: "ரெண்டு பேரும் சேந்து கட்டினா ரெண்டு பேரும் சேந்து போகலாம்தானே? தனியத்தான் போக ஏலாது."

நிஸ்தார் பூச்சியைச் சட்டியிலிருந்து எடுத்து உதறினான். அவனுடைய வாப்பா இருந்திருந்தாலும் இந்தக் கணக்கை ஒத்துக்கொண்டிருப்பார். ரசீனா அலுமாரியைத் திறந்து கம்பளிச் சால்வை தேடப் போய்விட்டாள்.

மலையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. குளிர். எனக்கு அது குளிரேயில்லை, நிஸ்தார் மட்டும் ரசீனாவின் சால்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு, "இந்தக் குளிருக்குள்ளயா நீ இவ்வளவு காலம் இருந்தனீ?" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். வானம் மப்பாகவே இருந்தது. கறுப்புத்தான் சரி. குளத்துக் காவலாளி எங்கள் பூச்சியை வாங்கி உள்ளங்கையில் வைத்து, "ஐயா, இது எந்த நாட்டுப் பூச்சி?" என்று சிங்களத்தில் கேட்டார். "கட்டைபறிச்சான் நாடு" என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார்.

அங்கேயும் மூன்று கைதான். அவன் இடக்கையால் தடியை வீச, நான் பக்கத்தில் நின்று நூலை இழுத்தேன். நோர்வேயில் ஏரியில் இன்னொருவனுக்குக் கிட்டப் போய் நின்றாலே மன்னிப்புக் கேட்க வேண்டும். இங்கே எங்கள் தோள் முட்டிக்கொண்டே இருந்தது. பின்னேரம் தண்ணீர் ஒரு இடத்தில் சுழித்தது. தாடிக் கரப்பான் காணாமல் போனது. தடி வளைந்தது. நிஸ்தார் அல்லாவையும் என்னையும் மாறி மாறிக் கூப்பிட்டான். ஒரு சாண் மீன்தான். உடம்பெல்லாம் புள்ளி, விலாவில் இளஞ்சிவப்புக் கோடு. அதைத் திரும்ப விட வேண்டும் என்பது அந்தக் குளத்தின் சட்டம்.

"விடுறதா? விடுறதுக்கா ஒரு சேவலுக்கு முன்னால அவ்வளவு நேரம் குந்தியிருந்தம்?" என்று சத்தம் போட்டான். ஆனால் விட்டது அவன்தான். விட்ட பிறகும் அந்த இடத்துத் தண்ணீரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஊர் திரும்பி, நான் புறப்படுகிற காலையில் கிண்ணியாவுக்குப் போனேன். கதிரை வாசலில்தான் கிடந்தது, ஆனால் திரும்பிக் கிடந்தது. நிஸ்தார் குடாவைப் பார்த்துக்கொண்டு, ஒரு தோணி எந்தப் பக்கம் வலை போடப் போகிறது என்று தனக்குத்தானே தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தான். ரசீனா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

வான் வாசலில் ஹோர்ன் அடித்தது. நிஸ்தார் சட்டைப் பையிலிருந்து அந்தப் பூச்சியை எடுத்தான். நூலை அளவாக வெட்டிச் சுற்றி வைத்திருந்தான். இருக்கட்டும், உன்னிடமே இருக்கட்டும் என்றேன். அவன் கேட்கவில்லை. பூச்சியை வலக்கை விரல்களுக்கிடையில் செருகினான். அந்தக் கையை இடக்கையால் தூக்கிக்கொண்டு வந்து, என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். தூண்டில் முனை தோலில் குத்தியது.

"டேய், பலகையில வை. சண்டை வரும்டா" என்றேன்.

"வரட்டும்" என்றான் நிஸ்தார். "சண்டை பிடிக்கவெண்டாலும் நீ வரத்தானே வேணும்."